லால்பாக் பாறைக்குப் பளபளப்பு ஆகாது

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள உமையாளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குக் காது குத்தியாயிற்று என்று படித்ததில் சந்தோஷம். அண்ணனுக்கு முழங்கால் வலி தேவலையா? இங்கே எல்லோரும் சௌக்கியம். மழை வந்தால் தெருவெல்லாம் தண்ணீர், வராவிட்டால் லாரித் தண்ணீர். வேறென்ன.

"நன்றாகத்தானே வாட்டர்கலர் போட்டுக்கொண்டிருந்தாய், இந்த வயதில் எதற்கடி நெருப்போடு விளையாட்டு?" என்று கேட்டிருந்தாய். உங்கள் வீட்டு அலமாரியில் நீல விளிம்பு வைத்த வெள்ளைக் கிண்ணங்கள் இருக்கின்றனவே, உன் மாமியார் யாரையும் தொடவிடமாட்டார்களே, அதே எனாமல் சங்கதிதான். அது இரும்பு, நான் செய்வது செம்புத் தகடு. கண்ணாடித் தூளைச் சல்லடையால் தகட்டின் மேல் தூவி, 800 டிகிரி வாக்கில் சூளையில் இரண்டு மூன்று நிமிடம் வைத்தால் உருகி ஒட்டிக்கொள்ளும். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், அதனால் தகடு தப்பிக்கும். பின்பக்கமும் பூச வேண்டும். இல்லாவிட்டால் ஆறும்போது செம்பு ஒரு அளவும் கண்ணாடி ஒரு அளவுமாகச் சுருங்கி, தகடு வளைந்து விரிசல் விடும். வெளியே எடுத்தவுடன் எல்லாம் ஒரே தணல். ஆற ஆறத்தான் நீலம் நீலமாகும், பச்சை பச்சையாகும். அதைப் பார்ப்பதற்காகவே வாட்டர்கலரை விட்டேன் என்று வைத்துக்கொள்.

ஜெய்ப்பூர் போனபோது நகைக்கு எனாமல் போடுகிற ஒரு மீனாகாரிப் பட்டறையில் உட்கார்ந்து பார்த்தேன். தகட்டில் குழி வெட்டி நிறத்தை நிரப்புகிறார்கள். அதிகச் சூடு தாங்கும் நிறம் முதலில், சிவப்பு கடைசியில்தான். ராஜா மான்சிங் லாகூரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்ததாகச் சொல்வார்கள். நகைக்குச் சரி, எனக்கு அந்தப் பொறுமை கிடையாது.

ஹம்பி போய்வந்த கையோடு அங்கே ஓடுகிற துங்கபத்திரை ஆற்றைச் செய்தேன். நீலத்தை நேராகச் செம்பின் மேல் போட்டால் இருண்டுவிடும் என்று அடியில் வெள்ளித்தாள் வைத்தேன், ஆறு மின்னியது. பாறைதான் இடித்தது. எனாமலில் பாறை செய்தால் எண்ணெய் தேய்த்துவிட்டது போல இருக்கிறது. ஆனாலும் பார்க்கிறவர்கள் உடனே "ஹம்பியா!" என்கிறார்கள், வாங்கவும் செய்கிறார்கள். ஊர் சுற்றிப் பார்த்த இடம் என்றால் மின்னத்தான் வேண்டும் போலிருக்கிறது.

நான் காலையில் நடக்கப் போகிற லால்பாக் தோட்டத்தில், கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறைக்கு வயது 300 கோடி ஆண்டு. அதற்குப் பளபளப்பு ஏற்ற எனக்கு மனசே வரவில்லை. மெல்லிய தாளை அதன் மேல் விரித்துக் கரித்துண்டால் தேய்த்தேன். (காவலாளி வந்து விசாரித்தார். தாளைக் காட்டினேன், சிரித்துவிட்டுப் போனார்.) சொரசொரப்பு அப்படியே தாளில் ஏறிவிட்டது. பாறைக்கு அந்தத் தாள், தோட்டத்து ஏரிக்கு மட்டும் எனாமல். தாள் சூளைக்குப் போக முடியாதே! அதனால் தகட்டில் முன்கூட்டியே துளை போட்டுக்கொண்டு (கண்ணாடி ஏறிய பிறகு துளைத்தால் சில்லுசில்லாகத் தெறிக்கும்), சுட்டெடுத்த பின் தாள் ஒட்டிய பலகையோடு செம்புக் கம்பியால் கட்டினேன். கரையோரம் கொஞ்சம் செம்பை மூடாமல் விட்டிருந்தேன். சூட்டில் அது கறுத்துச் செதில் செதிலாக வந்தது. வழக்கமாக அமிலத்தில் போட்டுச் சுத்தம் செய்துவிடுவோம். இந்த முறை தொடவில்லை, கரை மண் கிடைத்துவிட்டது.

இதை யாரும் லால்பாக் என்று கண்டுபிடிக்கவில்லை, விலையும் கேட்கவில்லை. நான் செய்ததில் உருப்படியானது இதுதான் என்பேன்.

அப்புறம், உனக்கு ஒரு வேலை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் பழைய எனாமல் தட்டு ஒன்று பார்த்து வாங்கி வை. விளிம்பு உடைந்து இரும்பு தெரிகிற, யாரும் சீண்டாத தட்டாக இருக்கட்டும். ஸ்வீடன், செக் என்று முத்திரையைக் காட்டி விலை ஏற்றுவார்கள், மசியாதே. உடைந்த இடத்தில் வெள்ளைக்கு அடியில் கறுப்பாக ஒரு பூச்சு தெரியும், அதை நான் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். பொங்கலுக்கு வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

உன்,
சாவித்திரி