கல்லடிப் பாலம் வரை கொண்டுபோய் விட்ட ஓட்டோ அண்ணாவுக்கு

போன சனிக்கிழமை மட்டக்களப்பைத் தனியாகச் சுற்றிப் பார்க்க வந்த பிள்ளை நான்தான் அண்ணா. போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்தே வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டையைப் பார்த்துவிட்டு வெளியே வரும்போது செருப்பு வார் அறுந்தது. நடுமத்தியானம், தார் ரோட்டு. சொல்லவா வேணும்.

நான் கூப்பிடவேயில்லை. நீங்களாக ஓட்டோவை ஓரம் கட்டி, சீட்டுக்கு அடியிலிருந்து வயரும் குறடும் எடுத்து வாரை முறுக்கிக் கட்டினீர்கள். முனை காலில் குத்தாமல் டேப்பும் சுற்றித் தந்தீர்கள். அந்த டேப்பைத்தான் மறக்க முடியவில்லை. அப்புறம் கல்லடிப் பாலம் வரை கொண்டுபோய் விட்டு, "இந்த வாவியில மீன் பாடுற சத்தம், அந்தப் பாடுமீன் கேக்கணும் எண்டா பூரணைக்கு வாங்க தங்கச்சி. தோணியில போய், துடுப்பத் தண்ணிக்குள்ள விட்டு மற்ற நுனியில காத வைக்கணும்" என்றீர்கள். காசு நீட்டினேன். "இந்தப் பக்கம்தான் வந்தன்" என்று கிளம்பிவிட்டீர்கள். பொய்! ஓட்டோ வந்த வழியே திரும்பியதைப் பார்த்தேன்.

அதே செருப்போடுதான் 1924இல் திறந்த பழைய பாலத்தில் நடந்து, தமிழறிஞர் விபுலானந்த அடிகளின் சமாதியையும் பார்த்துவிட்டு இரவு ரயில் ஏறினேன். மிக்க நன்றி அண்ணா.

பச்சை ஓட்டோ, முன்கண்ணாடியில் மாமாங்கேஸ்வரர் படம். தெரிந்தவர்கள் இதை அவரிடம் காட்டுங்கள்.