முழு நாடகத்தையும் பார்த்துவிட்டு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற மாதம் வெளிவந்த இரண்டு நாடக விமர்சனங்களைப் பற்றி எழுதுகிறேன். நான் மயிலாப்பூரில் ஓர் அமெச்சூர் நாடகக் குழுவில் மேடை நிர்வாகம் பார்ப்பவன். அந்த இரண்டு நாடகங்களிலும் எனக்கோ எங்கள் குழுவுக்கோ எந்தப் பங்கும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் விமர்சனம் கடுமையானது. அந்தக் கடுமையின் மீது எனக்கு வருத்தம் இல்லை. காட்சி மாற்றங்கள் இழுத்தன, நகைச்சுவைத் துணுக்குகள் கதையை நகரவிடாமல் செய்தன என்று விமர்சகர் எழுதியது உண்மைதான். ஆனால், தந்தைக்கும் மகளுக்கும் வீட்டுப் பத்திரத்தை முன்னிட்டு மூளும் சண்டை முடிவே இல்லாமல் விடப்பட்டதாக அவர் எழுதியிருக்கிறார். அந்தச் சண்டை கடைசிக் காட்சியில், மகள் பத்திரத்தைக் கொண்டுவந்து தந்தையின் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போகும் இடத்தில் முடிகிறது. அந்த நாடகமே அந்த ஒரு நிமிடத்துக்காக எழுதப்பட்டது என்று சொல்லலாம். கடைசிக் காட்சியைப் பார்த்தவர் எவரும் இப்படி எழுதியிருக்க முடியாது. அவருக்கு அவசர வேலை ஏதேனும் வந்திருக்கலாம். அப்படியானால் முதல் பாதியைப் பற்றி மட்டும் எழுதி, அவ்வளவுதான் பார்த்தேன் என்று வாசகரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

அதே விமர்சனத்தில், மகளாக நடித்த பெண்ணின் உடல் பருமனைப் பற்றி ஒரு வரி உண்டு. அவருடைய நடிப்பைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அலுவலகம் முடிந்து ஒத்திகைக்கு வந்து, ஒத்திகை முடிந்து கடைசிப் பேருந்தைப் பிடித்து வீடு திரும்புபவர் அவர். மேடையேறியதால் தம் நடிப்பைப் பொதுமக்களின் தீர்ப்புக்கு விட்டார். தம் உடம்பை விடவில்லை.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமன்று. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், அவதூறு பற்றிய 499ஆம் பிரிவின் ஆறாவது விதிவிலக்கில், பொதுமக்களின் தீர்ப்புக்கு முன்வைக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியின் தகுதியைப் பற்றி நல்லெண்ணத்துடன் கருத்துச் சொல்வது அவதூறாகாது என்று விமர்சகருக்குப் பாதுகாப்பு தந்தது. மேடையில் தோன்றும் நடிகரையும் பாடகரையும் அங்கே உதாரணமாகவே காட்டியது. ஆனால் அவர்களுடைய குணத்தைப் பற்றிய கருத்து, அந்த நிகழ்ச்சியில் அது வெளிப்படும் அளவுக்கு மேல் போகக் கூடாது என்றும் வரம்பு கட்டியது. உரிய கவனமும் அக்கறையும் இல்லாமல் செய்யப்படும் எதுவும் நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதாகாது என்று அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு சொன்னது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவிலும் இந்த விதிவிலக்கு தொடர்கிறது. யாரையும் நீதிமன்றத்துக்கு இழுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. பாதி நாடகத்தைப் பார்த்துவிட்டு முழு நாடகத்துக்கும் தீர்ப்பு எழுதுவதை உரிய கவனம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறேன்.

இரண்டாவது விமர்சனம் பாராட்டு மழை. அதை எழுதியவர் அன்று இடைவேளையில் சிறப்பு விருந்தினராக மேடையேறி, பொன்னாடை போர்த்திக்கொண்டு, குழுவை வாழ்த்திப் பேசியவர். விமர்சனத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கதைச் சுருக்கம் குழு அச்சிட்ட அழைப்பிதழில் இருந்தபடியே இருக்கிறது; கடைசி வரியில் ஒளி, ஒலி, ஒப்பனை, அரங்க அமைப்பு அனைத்தும் அருமை. காலர் மைக் இரண்டு முறை செயலிழந்து, பின்வரிசையில் இருந்தவர்கள் குரல் கேட்கவில்லை என்று கூச்சலிட்ட மாலை அது. முதல் விமர்சனத்தைவிட இதுவே எனக்கு அதிக வருத்தம் தந்தது; ஏனென்றால் இப்படிப்பட்ட பாராட்டைக் குறை சொல்ல யாரும் முன்வருவதில்லை, அந்தக் குழுவும் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை.

அமெச்சூர்கள்தானே, சம்பளம் வாங்காமல் நடிப்பவர்கள்தானே, தட்டிக்கொடுத்துவிட்டுப் போவோம் என்ற எண்ணம் இதற்குப் பின்னால் இருக்குமானால், அது இந்த மேடையை அவமதிப்பதாகும். 1891இல் பம்மல் சம்பந்த முதலியார் தொடங்கிய சுகுண விலாச சபையில் நடித்தவர்கள் வேறு தொழில் பார்த்தவர்கள்தாம். இயக்குநர் கே. பாலசந்தர் ஏ.ஜி. (அக்கவுண்டன்ட் ஜெனரல்) அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். இவர்கள் யாரும் சலுகை மதிப்பெண்ணுக்காக மேடையேறவில்லை.

நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்யும் கலைச் சங்கங்களான சபாக்களில் நடக்கும் நாடகம் திரைப்படத்தைப் போலத் தொடர்ந்து ஓடுவதில்லை. ஒரு மாலை ஒரு சபாவில் நடக்கும்; அடுத்த சபா தேதி கொடுத்தால்தான் அடுத்த காட்சி. விமர்சனம் அச்சில் வரும்போது அந்த மாலை முடிந்திருக்கும். ஆகவே அதைக் கவனமாகப் படிப்பவர்கள், தேதி கொடுப்பதா வேண்டாமா என்று யோசிக்கும் சபா செயலர்கள். விமர்சகர்கள் பெரும்பாலும் முதல் காட்சிக்கே வருகிறார்கள். குறைகள் களையப்படுவது அதற்குப் பிறகு, ஐந்தாறு மேடைகள் கண்ட பின்புதான். அதற்காக முதல் காட்சியை விமர்சிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பார்த்தது முதல் காட்சி என்பதை ஒரு வரியில் குறிப்பிட்டால் படிப்பவருக்கு நிலவரம் புரியும்.

விமர்சகரின் பெயரை வெளியிடுங்கள். குழுவுடன் அவருக்குத் தொடர்பு இருந்தால் அதையும் வெளியிடுங்கள். ஒரு குழுவின் மேடையில் பொன்னாடை பெறுபவரை அந்தக் குழுவின் நாடகத்தை விமர்சிக்க அனுப்பாதீர்கள். தகவல் பிழை தெரிய வந்தால் உடனே திருத்தம் வெளியிட வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை கவுன்சிலின் நெறிமுறையிலேயே இருக்கிறது. கடைசிக் காட்சி பற்றிய பிழைக்கு, விமர்சனம் வந்த அதே பக்கத்தில், வரும் ஞாயிறன்றே திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த நாடகத்துக்குத் தேதி தருவது பற்றி இரண்டு சபாக்கள் இன்னும் முடிவெடுக்கவில்லை.

இப்படிக்கு,
நாடகக் குழு ஒன்றின் மேடை நிர்வாகி,
மயிலாப்பூர், சென்னை.