முதலில் நடைபாதை, அப்புறம் சாலை: பனி விழும் ஊர்களின் நகராட்சிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகராட்சி அதிகாரிகளுக்கும் பனி அகற்றும் துறையினருக்கும்,

வணக்கம்.

பனிப்புயல் எச்சரிக்கை வந்ததும் தவறாமல் ஓர் அறிவிப்பு விடுகிறீர்கள்: அவசியமில்லாமல் யாரும் வெளியே வர வேண்டாம் என்று. சரியான அறிவிப்புதான். ஆனால் அவசியம் உள்ளவர்கள் யார் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இரவெல்லாம் விழித்திருந்த செவிலியரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் நிற்க வேண்டியவர், முதியோர் இல்லத்தில் படுக்கையில் கிடப்பவர்களைத் தூக்கிக் குளிப்பாட்ட வேண்டியவர், அலுவலகங்களைக் கூட்டித் துடைக்கிறவர். இவர்களில் பலரிடம் கார் கிடையாது. உங்கள் வண்டிகள் முதல் சுற்றை முடிக்கும் முன்பே, இருட்டோடு இருட்டாகப் பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி.

கேட்பது ஒன்றுதான். பனி அள்ளும் வரிசையை மாற்றுங்கள். நடைபாதை, சாலை கடக்கும் முனை, பேருந்து நிறுத்தம் இவை முதலில். சாலைகள் அதற்கு அப்புறம்.

இப்போது தெருமுனையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பெரிய வண்டி தன் தகட்டைச் சாய்த்துக்கொண்டு வருகிறது. சாலையில் கிடந்த பனி முழுவதும் சுருண்டு ஓரத்தில் விழுகிறது. அந்த ஓரத்தில்தான் நாங்கள் சாலையைக் கடக்கிறோம். சக்கர நாற்காலி இறங்கும் சரிவு அங்கேதான் இருக்கிறது. பேருந்தின் கதவு திறப்பதும் அங்கேதான். வண்டி போனதும் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு நிற்கும். மதியம் லேசாக இளகி, இரவில் இறுகி, மறுநாள் அது கல். கைத்தடியோடு வந்த ஒரு பாட்டியம்மா அந்த மேட்டில் ஏற முடியாமல் தவித்தபோது, ஓட்டுநர் இருக்கையை விட்டு இறங்கி வந்து, இரண்டு கையையும் பிடித்து ஏற்றியதைப் பார்த்தேன். இன்னொரு நாள், தள்ளுவண்டியில் குழந்தையோடு வந்த ஒரு தாய், நடைபாதையை விட்டுவிட்டுக் கார் ஓடும் தடத்திலேயே தள்ளிக்கொண்டு போனார். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அவர் வேறு எங்கே போவார்?

பத்து சென்டிமீட்டர் பனியில் ஒரு கார் மெதுவாகவாவது ஊர்ந்து போய்விடும். தள்ளுவண்டியும் சக்கர நாற்காலியும் அதில் ஓரடி நகராது. பிறகு ஏன் காருக்கு முதல் இடம் கொடுக்கிறோம்?

இது நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். சுவீடனில் கார்ல்ஸ்கூகா என்ற சிறிய ஊர் 2011 வாக்கிலேயே இந்த வரிசையைத் திருப்பிப் போட்டது. பகல்நேரக் குழந்தைக் காப்பகங்களுக்குப் போகும் வழிகளுக்கும் நடைபாதைகளுக்கும் முன்னுரிமை, பெரிய சாலைகள் பிறகு. வழுக்கும் காலத்தில் அடிபட்டு வருகிறவர்களில் வாகனத்தில் போனவர்களைவிட நடந்து போனவர்களே அதிகம், அவர்களிலும் பெண்களே அதிகம் என்பது அந்நாட்டின் மருத்துவமனைக் கணக்குகளில் தெரிந்த விஷயம். ஓர் இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை, படுக்கை, மாதக்கணக்கில் பராமரிப்பு என்று ஆகும் செலவும் பொதுப் பணம்தான், வேறு துறையின் கணக்கில் எழுதப்படுகிறது, அவ்வளவே.

உங்களில் சிலர் ஸ்டாக்ஹோமைச் சுட்டிக்காட்டுவீர்கள். அந்த நகரமும் இதே வழியை எடுத்தது. 2016 நவம்பரில் ஒரே நாளில் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் பனி கொட்டி ஊரே நின்றபோது, புதிய வரிசைதான் காரணம் என்று பலர் பரிகசித்தார்கள். அவ்வளவு பனி ஒரே நாளில் விழுந்தால் எந்த வரிசையும் திணறத்தான் செய்யும். அந்த ஒரு நாளை வைத்து மற்ற எல்லாக் குளிர்கால நாட்களையும் தீர்மானிப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

அடுத்தது உப்பு. சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரிக்குக் கீழே போனால் அநேகமாக வேலை செய்வதில்லை. இது உங்கள் பொறியாளர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் மைனஸ் 15இல் நடைபாதையில் வெள்ளை வெள்ளையாய் உப்புக் கற்கள் சும்மா கிடக்கின்றன, கீழே பனிக்கட்டி கண்ணாடியாய் மின்னுகிறது. முதல் நாள் ஜனங்கள் மிதித்த காலடிக் குழிகள் அப்படியே உறைந்து போயிருக்கும். அதில் கணுக்கால் பிசகாமல் நடப்பது பெரும்பாடு. அந்தக் குளிருக்கு மணலோ பொடிக்கல்லோ தூவுங்கள். உருக்காது, ஆனால் காலுக்குப் பிடி கிடைக்கும். ஏரிக்கும் ஆற்றுக்கும் போய்ச் சேரும் உப்பும் குறையும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஜனங்கள் மிதித்து இறுக்கும் முன்பே அள்ளிவிடுவது.

பல ஊர்களில் வீட்டு முன்னால் உள்ள நடைபாதையை வீட்டுக்காரரே சுத்தம் செய்ய வேண்டும், இல்லையென்றால் அபராதம். சட்டத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒருவர் மூச்சு வாங்கி வாங்கி அள்ளி முடித்த பாதையில் உங்கள் வண்டி வந்து மறுபடியும் ஒரு வரப்பைப் போட்டுவிட்டுப் போகிறதே, அதை யார் அள்ளுவது? புதிதாக விழுந்த பனி பஞ்சு போல லேசு. வண்டி நெருக்கித் தள்ளிய பனி ஒரு கன மீட்டருக்கு 400 கிலோவைக்கூடத் தாண்டும். குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறியிருக்கும் நேரத்தில், அறுபதைத் தாண்டியவர் அதைத் தூக்கினால் இதயம் என்ன பாடுபடும்? கடும் பனிக்குப் பிறகு மாரடைப்பு கூடுவது மருத்துவர்கள் நெடுநாளாய் எச்சரிக்கும் விஷயம். வயதானவர்களும் நோயாளிகளும் இருக்கும் வீடுகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அந்த வாசல்களிலாவது ஆளை விட்டு அள்ளச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் இருப்பவர்கள் பற்றியும் ஒரு வார்த்தை. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வெப்பம் வேண்டும் என்கிறது. அதற்கு வழியில்லாதவர்கள் அடுப்பையும் கரியையும் நாடுகிறார்கள். 2021 பிப்ரவரியில் டெக்சாஸில் மின்சாரம் நின்று 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் இருண்டபோது, மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். குளிரில் விறைத்தவர்கள் மட்டுமல்ல, வெப்பத்துக்காக மூட்டிய கரியும் ஜெனரேட்டரும் கக்கிய கார்பன் மோனாக்சைடுக்குப் பலியானவர்களும் அதில் உண்டு. அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. தலைவலி, தலைச்சுற்றல், பிறகு தூக்கம். இந்த எச்சரிக்கையை ஊரில் பேசப்படும் எல்லா மொழிகளிலும், புயலுக்கு முன்பே, வீடு வீடாகச் சேருங்கள். நூலகம், சமூகக் கூடம் போன்றவற்றைப் பனி நாட்களில் பூட்டாமல் இரவிலும் திறந்து வையுங்கள். அங்கே போய்ச் சேரும் பாதையும் அள்ளப்பட்டிருக்க வேண்டும், அதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

வண்டி ஓட்டும் உங்கள் ஊழியர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தூக்கம் கெட்டு, கண் தெரியாத பனியில் பல மணி நேரம் ஓட்டுகிறார்கள். அவர்கள் கையில் கொடுக்கப்படும் வரைபடத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன். அதை எழுதும் அதிகாரிகள், அடுத்த பனிக்கு மறுநாள் காலை காரை விட்டுவிட்டு, பேருந்து பிடித்து வேலைக்கு வந்து பாருங்கள். வந்த பிறகு, எந்தப் பாதை எத்தனை மணிக்குள் அள்ளப்படும் என்ற புதிய பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். அதற்காகக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
நடந்து வேலைக்குப் போகும் ஒரு குடிமகள்