திறன்பேசிப் பெட்டியில் ஒரு தேதி வேண்டும்: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நுகர்வோர் விவகாரத் துறை, இந்திய அரசு,
கிருஷி பவன், புது தில்லி.

பொருள்: திறன்பேசிகளுக்கு மென்பொருள் அப்டேட் நிற்கும் மாதத்தையும் ஆண்டையும் பெட்டியின் மேல் அச்சிடுவதைக் கட்டாயமாக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பத்தாயிரத்துக்கும் இருபதாயிரத்துக்கும் இடைப்பட்ட விலையில் திறன்பேசி வாங்கக் கிளம்பும் எவரும் ஒரு விவாதத்தில் மாட்டாமல் வீடு திரும்புவதில்லை. கூகுள் வடிவமைத்த ஆண்ட்ராய்டை ஏறக்குறைய அப்படியே தரும் ‘ஸ்டாக்’ போனை வாங்குவதா, அல்லது சாம்சங்கின் ஒன் யூஐ, ஷாவ்மியின் ஹைப்பர் ஓஎஸ், ஓப்போவின் கலர் ஓஎஸ் என்று நிறுவனங்கள் தம் விருப்பப்படி மாற்றியமைத்துத் தரும் போனை வாங்குவதா என்பதே அந்த விவாதம். அதில் அரசிடம் தீர்ப்புக் கேட்க இம்மடலை எழுதவில்லை. தீர்ப்பை வாங்குபவரே சொல்லிக்கொள்வார். ஆனால் அதற்கு வேண்டிய முக்கியமான தகவல் ஒன்று, அதாவது அந்தப் போனுக்கு அப்டேட் எந்த ஆண்டு, எந்த மாதம் வரை வரும் என்பது, கடையில் எடுத்துப் பார்க்கும் பெட்டிகளில் கிடைப்பதில்லை. அதை அச்சிட வைக்கும் அதிகாரம் தங்கள் துறையிடம் இருப்பதால் தங்களுக்கு எழுதுகிறேன்.

இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஸ்டாக் ஆண்ட்ராய்டை விரும்புவோர், நாம் கேட்காமலே வந்து உட்கார்ந்திருக்கும் விளையாட்டுகளும் கடன் செயலிகளும், கோப்புகளைத் திறந்தால்கூட எட்டிப் பார்க்கும் விளம்பரங்களும் இல்லாத போன் வேண்டும் என்கிறார்கள். மாற்றியமைத்த போன்களை விரும்புவோரும் காரணமில்லாமல் விரும்பவில்லை. திரையில் நடப்பதைப் பதிவுசெய்யும் வசதி ஆண்ட்ராய்டிலேயே சேர்ந்தது 2020-இல், 11-ஆம் பதிப்பில். நீண்ட பக்கத்தை முழுதாகப் படம்பிடிக்கும் வசதி வந்தது அதற்கும் அடுத்த ஆண்டு. இரண்டையும் நிறுவனங்கள் தத்தம் ஸ்கின்களில், அதாவது ஆண்ட்ராய்டின் மேல் பொருத்தும் மேலடுக்குகளில், அதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கொடுத்துவிட்டன. ஒரே செயலியை இரண்டு கணக்குகளுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளும் வியாபாரிக்கும், அழைப்பைப் பதிவுசெய்யும்போது எதிர்முனையில் அறிவிப்புக் குரல் ஒலிக்க வேண்டாம் என்று நினைப்பவருக்கும் (அது முறைதானா என்பது வேறு கேள்வி) ஸ்டாக் போன் உப்பில்லாப் பண்டமாகத் தோன்றினால் அவர்களைக் குறைசொல்ல முடியாது.

ரசனை சார்ந்த இந்த வாதங்கள் ஒருபுறமிருக்க, அப்டேட் விஷயத்தில் ஸ்டாக் போனே மேல் என்ற நம்பிக்கை நெடுங்காலமாக நிலவி வருகிறது. அதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. புதிய பதிப்பின் மூல நிரலை கூகுள் வெளியிட்டதும், குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் அதைத் தம் சிப்புகளில் இயங்கும்படி செய்ய வேண்டும். பிறகு போன் நிறுவனம் தன் மேலடுக்கை அதன்மேல் பொருத்தி, மாடல் மாடலாகச் சோதித்து, கட்டம் கட்டமாக அனுப்ப வேண்டும். மேலடுக்கு கனத்திருந்தால் காத்திருப்பும் நீளும். இந்தச் சிக்கலைக் குறைக்கத்தான் 2017-இல், ஆண்ட்ராய்டு 8-உடன், சிப் சார்ந்த பகுதியையும் இயங்குதளத்தையும் பிரிக்கும் டிரெபிள் திட்டத்தை கூகுள் கொண்டுவந்தது. 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உடன், சில பகுதிகளை மட்டும் பிளே ஸ்டோர் வழியாக நேரடியாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டையும் செய்தது. நிலைமை முன்னைவிட மேம்பட்டது உண்மை. ஆனாலும் முழுமையான பாதுகாப்பு அப்டேட் போன் நிறுவனம் மனம்வைத்தால்தான் வருகிறது.

அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இந்தியாவிலேயே பாடம் இருக்கிறது. 2014 செப்டம்பர் 15 அன்று, குறைந்த விலைப் போன்களில் தூய ஆண்ட்ராய்டைத் தரும் கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் திட்டம் உலகில் முதன்முதலாகத் தில்லியில்தான் தொடங்கியது. மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் ஆகிய மூன்று நிறுவனங்களின் போன்கள், 6,399 ரூபாயிலிருந்து, அப்டேட்டை கூகுளே அனுப்பும் என்ற உறுதியோடு வந்தன. 2017-இல் 14,999 ரூபாய்க்கு வந்த ஷாவ்மியின் மி ஏ1 அதே ஆண்ட்ராய்டு ஒன் பெயரில் பலரின் கைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஆனால் அதே வரிசையில் 2019-இல் வந்த மி ஏ3-க்கு ஆண்ட்ராய்டு 11 அப்டேட் 2020-ஆம் ஆண்டின் முடிவில் வந்தபோது, அதை நிறுவியவர்களில் பலரது போன் உயிர்பெறாமலே போய்விட்டது. நிறுவனம் அந்த அப்டேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டு இலவசமாகச் சரிசெய்து தர வேண்டியதாயிற்று. அதற்குப் பின் அந்த வரிசையில் வேறு போன் வரவில்லை. தூய ஆண்ட்ராய்டு என்ற பெயர் அப்டேட்டுக்கான உத்தரவாதப் பத்திரமாகாது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

மறுபக்கம் காட்சி தலைகீழாக மாறியிருக்கிறது. ஸ்டாக்கின் வீடு என்று சொல்லத்தக்க பிக்சல் வரிசையில், 2023 அக்டோபரில் வந்த பிக்சல் 8-க்கு கூகுள் 7 ஆண்டு அப்டேட் அறிவித்தது. மூன்றே மாதங்களில் சாம்சங் தன் எஸ்24 வரிசைக்கு அதே 7 ஆண்டைக் கொடுத்தது. அதைவிட முக்கியமாக, 2024 அக்டோபரில் சுமார் 19,000 ரூபாய்க்கு வந்த கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு 6 ஆண்டு என்றது. மேலடுக்கு மிகக் கனமானது என்று நாம் கேலிசெய்த நிறுவனம் நடுத்தர விலைப் போனுக்கு 6 ஆண்டு தரும் அதே சந்தையில், கலப்பற்ற ஆண்ட்ராய்டு என்று சொல்லியே விற்கும் போன்கள் சில, ஒரே ஒரு பதிப்பு உயர்வோடு நின்றுவிடுகின்றன.

வேகம் வேறு, ஆயுள் வேறு என்பதையும் இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு 15 பிக்சல் போன்களுக்கு 2024 அக்டோபர் நடுவில் வந்துவிட்டது. 7 ஆண்டு வாக்குறுதி பெற்ற எஸ்24-க்கு அதே பதிப்பு ஒன் யூஐ 7 ஆக 2025 ஏப்ரலில்தான் வரத் தொடங்கியது, அதுவும் பிழை ஒன்றினால் சில நாள் இடையில் நிறுத்தப்பட்டது. ஆக, நீண்ட ஆயுள் வேண்டுவோர் ஒரு போனையும், உடனுக்குடன் அப்டேட் வேண்டுவோர் வேறொரு போனையும் தேர்ந்தெடுக்கலாம். இரண்டும் நியாயமான தேர்வுகளே, விவரம் தெரிந்திருந்தால்.

விவரம் எங்கே கிடைக்கிறது? எங்கள் ஊர்க் கடைவீதியில் எந்தக் கடைக்குப் போனாலும் ரேம் எவ்வளவு, கேமரா எத்தனை மெகாபிக்சல், பேட்டரி எத்தனை எம்ஏஎச், சார்ஜர் எத்தனை வாட் என்று விற்பனையாளர் மனப்பாடமாக ஒப்பிக்கிறார். அப்டேட் எதுவரை என்று கேட்டால், “அதெல்லாம் வரும் சார்” என்கிறார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் கையிலுள்ள பெட்டியிலும் அது இல்லை, நிறுவனம் அவருக்குக் கொடுத்த அட்டையிலும் இல்லை.

நிறுவனங்கள் சொல்லும்போதும் ஆண்டுக் கணக்கிலேயே சொல்கின்றன. அந்த ஆண்டுகள் மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து தொடங்குகின்றனவா, நாம் பணம் கட்டிய நாளிலிருந்து தொடங்குகின்றனவா என்பது பலருக்குத் தெரியாது. பெரும்பாலும் மாடல் வெளிவந்த நாளே கணக்கு. 2023 ஜனவரியில் 3 ஆண்டு வாக்குறுதியோடு வந்த ஒரு போனை ஒருவர் 2024 தீபாவளித் தள்ளுபடியில் 18 மாதத் தவணைக்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். பாதுகாப்பு அப்டேட் 2026 ஜனவரியில் நின்றுவிடும். தவணை அதன் பிறகும் போய்க்கொண்டிருக்கும். ‘3 ஆண்டு அப்டேட்’ என்று விளம்பரத்தில் போட்டதில் பொய் ஒன்றும் இல்லை. வாங்கியவருக்கு எஞ்சியது ஏறத்தாழ 15 மாதம் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எனவேதான் ஆண்டுகளின் எண்ணிக்கை வேண்டாம், தேதி வேண்டும் என்கிறேன்.

அப்டேட் நின்ற பிறகு நடப்பது இன்னும் மோசம். என் அத்தை ஓய்வூதியக் கணக்கைப் பார்ப்பதும், கேஸ் பதிவு செய்வதும், காய்கறிக் கடையில் யுபிஐ-யில் பணம் கட்டுவதும் ஒரே போனில்தான். அதன் அமைப்புகளில் மென்பொருள் அப்டேட் பகுதியைத் திறந்தால் பச்சை நிற டிக் குறியோடு, உங்கள் போன் அண்மைய பதிப்பில் உள்ளது என்று வருகிறது. அதே போனில் ‘போனைப் பற்றி’ என்ற பகுதிக்குள் இரண்டு படி இறங்கினால், பாதுகாப்பு பேட்ச்சின் (பாதுகாப்புக் குறைகளை அடைக்கும் அப்டேட்டின்) தேதி ஓராண்டுக்கும் முந்தையது. நிறுவனம் அதற்கு மேல் எதையும் அனுப்பவில்லை என்பதால் கையிலிருப்பதே அண்மையதாகிவிட்டது. இதைப் பார்த்து நிம்மதியடையும் ஒருவரிடம், சட்டப்படி, யாரும் பொய் சொல்லவில்லை.

2015-இல், ஒரு எம்எம்எஸ் செய்தியைக் கொண்டே போனைக் கைப்பற்ற வழிவிட்ட ஸ்டேஜ்ஃப்ரைட் குறைபாடு வெளிப்பட்ட பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு பேட்ச் வெளியிடத் தொடங்கியது. இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் ஆண்ட்ராய்டுக் குறைபாடுகளைப் பற்றிப் பல முறை எச்சரித்திருக்கிறது. பாதிக்கப்படும் பதிப்புகளைப் பட்டியலிட்டு, நிறுவனம் தரும் அப்டேட்டை உடனே நிறுவுங்கள் என்று அறிவுறுத்துகிறது. நிறுவனம் தருவதையே நிறுத்திவிட்ட போனை வைத்திருப்பவர் அந்த அறிவுரையை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

தங்கள் துறைக்கு இது அந்நியமான விஷயமாக இருக்க முடியாது. 2024 செப்டம்பரில் தாங்கள் அமைத்த குழு, ஒரு பொருளை எவ்வளவு எளிதில் பழுதுபார்க்கலாம் என்பதைக் காட்டும் பழுதுநீக்கத் தகுதிக் குறியீட்டெண் பற்றிய அறிக்கையை 2025 மே மாதத்தில் அளித்தபோது, திறன்பேசிகளை மதிப்பிடும் அளவுகோல்களில் ஒன்றாக மென்பொருள் அப்டேட்டையும் சேர்த்திருக்கிறது. அதை வரவேற்கிறேன். ஆனால் பல அளவுகோல்களைக் கூட்டி ஒரே மதிப்பெண்ணாகத் தரும்போது, திருகாணி எளிதில் கிடைப்பதால் பெற்ற மதிப்பெண், அப்டேட் இல்லாததை மறைத்துவிடக் கூடும். தேதி தனியாக நிற்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின்படி அதிகபட்ச சில்லறை விலையும், தயாரித்த மாதமும் ஆண்டும் இப்போதே பெட்டியில் இருக்கின்றன. அதே விதிகள் நாளடைவில் கெட்டுப்போகும் பொருளுக்கு எந்தத் தேதிக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதையும் அச்சிடச் சொல்கின்றன. போன்களின் கதிர்வீச்சு அளவு விஷயத்தில் தொலைத்தொடர்புத் துறை 2012-இல் உடல் திசுவின் ஒரு கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பை விதித்து, அந்த விவரத்தை வாங்குபவருக்குத் தெரியப்படுத்த வைத்த முன்மாதிரியும் இருக்கிறது.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், பாதுகாப்பு அப்டேட் குறைந்தது எதுவரை என்பதை வெளியிடாமல் திறன்பேசி விற்க முடியாது. அந்தச் சட்டத்தினால்தான் ஆப்பிள்கூட, ஐபோன் 15 புரோ மேக்ஸுக்குக் குறைந்தது 5 ஆண்டு என்று எழுத்தில் சொல்ல நேர்ந்தது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போய், 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் கடைசி போன் சந்தைக்கு வந்த நாளிலிருந்து 5 ஆண்டுக்கு அப்டேட் கிடைக்க வேண்டும், மூல நிரல் வெளியான 4 மாதங்களுக்குள் பாதுகாப்பு அப்டேட்டும் 6 மாதங்களுக்குள் புதிய வசதிகளும் வர வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஆயினும் அவ்விதியின் வாசகம், நிறுவனம் அப்டேட் வழங்குமானால் என்ற நிபந்தனையோடு அமைந்திருப்பதால், வழங்கவே வேண்டியதில்லை என்று வாதிட இடமிருக்கிறது. இந்திய விதியை எழுதுவோர் அந்த ஓட்டையை விட்டுவைக்கக் கூடாது.

நிறுவனங்கள் மறுப்புச் சொல்லும். சிப் நிறுவனத்தின் ஆதரவைப் பொறுத்தது, முன்கூட்டியே தேதி சொல்ல முடியாது என்பார்கள். எவ்வளவு காலம் ஆதரவு என்று கேட்காமல் லட்சக்கணக்கில் சிப் வாங்கும் நிறுவனம் இருப்பதாக நான் நம்பவில்லை. விலை ஏறிவிடும் என்பார்கள். நான் கேட்பது 7 ஆண்டு அப்டேட் அன்று. ஓராண்டுதான் தருவோம் என்றால் ஓராண்டு என்றே அச்சிடட்டும். பெட்டியில் ஒரு வரி சேர்க்க ஆகும் மையின் செலவை வாங்குபவர்கள் தாங்கிக்கொள்வார்கள்.

எனவே தங்கள் துறை பொட்டலப் பொருள் விதிகளைத் திருத்தி, ஸ்டாக் ஆனாலும் ஸ்கின் ஆனாலும் ஐபோன் ஆனாலும், இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு திறன்பேசியின் பெட்டியிலும் கடைசிப் பாதுகாப்பு அப்டேட்டின் மாதமும் ஆண்டும், எத்தனை பதிப்பு உயர்வு என்பதும், இரு பாதுகாப்பு அப்டேட்டுகளுக்கு இடையிலான அதிகபட்ச இடைவெளியும் அச்சாக வேண்டும் என ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மின்னணுப் பொருள்களின் சில விவரங்களை க்யூஆர் குறியீட்டுக்குள் வைக்க 2022 ஜூலையில் கொடுத்தது போன்ற சலுகை எதுவும் இந்தத் தேதிக்குப் பொருந்தக் கூடாது. புதிய போன் வாங்க வருபவர் கையில் அதை ஸ்கேன் செய்யும் நிலையில் இன்னொரு போன் இருந்தாக வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. இணையவழி விற்பனைப் பக்கங்களிலும் இவ்விவரம் விலைக்குப் பக்கத்திலேயே இடம்பெற வேண்டும். தேதி கடந்த பிறகு, போன் அண்மைய பதிப்பில் உள்ளது என்ற வாசகத்தை எடுத்துவிட்டு, இதற்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது என்று பயனர் தேர்ந்தெடுத்த மொழியில் காட்ட வேண்டும்.

இத்திருத்தத்தின் வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடும்போது அதைத் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளிலும் வெளியிட்டால், கடைவீதி விற்பனையாளர்களும் தங்கள் கருத்தை எழுதுவார்கள். வாடிக்கையாளரின் கேள்விக்கு அன்றாடம் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். தங்கள் மறுமொழியை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து ஒரு நுகர்வோர்