சியூ ஜெட்டிக்கு ஆள் கூட்டி வருகிறவர்களுக்கு

பினாங்குக்குத் தமிழ்ச் சுற்றுலாக் குழுக்களை அழைத்து வரும் ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சாயங்காலம் சியூ ஜெட்டியின் பலகைப் பாதையில் நடந்துகொண்டிருந்தேன். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனில், கடலுக்குள் கால் நட்டு எழுப்பிய வீடுகள் வரிசையாக நிற்கும் குடியிருப்பு அது. எனக்கு முன்னால் நம்மவர்கள் முப்பது பேர், கூடவே ஒரு வழிகாட்டி. திறந்திருந்த ஒரு வீட்டுக்குள் பாட்டி ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் வாசலில் ஏறிக் கைப்பேசியை உள்ளே நீட்டினார்கள். படம் எடுக்க வேண்டாம் என்ற பலகை பக்கத்திலேயே தொங்கியது. பாட்டி கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். வழிகாட்டியோ, பேருந்துக்கு நேரமாகிறது என்றார், அவ்வளவுதான். எனக்கு மனசு ஆறவில்லை.

அந்த வீடுகள் எப்படி வந்தன என்று யாராவது அவர்களுக்குச் சொல்லியிருந்தால் இப்படி நடந்திருக்காது. அந்தக் காலத்தில் கப்பல்கள் கரையைவிட்டுத் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். சரக்கையும் ஆட்களையும் சம்பான் என்ற சிறு படகில் கரை சேர்த்தவர்கள் சீனாவின் ஃபுஜியனிலிருந்து பிழைக்க வந்த ஹொக்கியன் மக்கள். லிம், சியூ, தான், லீ, இயோ என்று குலத்துக்கு ஒரு ஜெட்டி. பல குலத்தாரும் கலந்து வாழ ஒன்று. கடலில் கால் நட்டு முதலில் கொட்டகை போட்டார்கள், அப்புறம் வீடும் கோயிலும் எழுந்தன. தலைமுறைகள் கடந்தும் அந்த இடத்துக்குப் பட்டா கிடையாது. தற்காலிக உரிமத்தை நம்பியே வாழ்ந்து வந்தார்கள். இவற்றோடு இருந்த கோய் ஜெட்டியும் பெங் ஆன் ஜெட்டியும் 2006இல் இடிக்கப்பட்டன. 2008இல் ஜார்ஜ்டவுன் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மிச்சமிருந்த ஜெட்டிகளுக்கு அது பெரிய அரண். ஆனால் கூட்டமும் அதோடுதான் வந்தது.

சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு இங்கே வந்து பாருங்கள். வானுலகப் பேரரசரின் பிறந்தநாளுக்காகப் படையல் மேசைகளில் முழுக் கரும்பு கட்டி வைப்பார்கள். ஒருகாலத்தில் எதிரிகளுக்குப் பயந்து ஹொக்கியன் மக்கள் கரும்புக் காட்டில் ஒளிந்து உயிர் தப்பினார்களாம், அந்த நன்றிக்கடன். பொங்கலுக்குக் கரும்பு கட்டுகிற நமக்கு இதை விளக்கவும் வேண்டுமா? நடந்து போகிற தூரத்திலிருக்கும் கிங் தெருவின் ஒரு பகுதிக்கு நம் முன்னோர் வைத்த பெயர் படகுக்காரத் தெரு. இதே துறைமுகத்தில் நம்மவர்களும் படகு வலித்தவர்கள்தான். இதையெல்லாம் பேருந்திலேயே சொல்லிவிடலாமே.

முப்பது பேரை ஒரே நேரத்தில் அந்தக் குறுகிய பலகையில் இறக்காதீர்கள். எட்டு, பத்து பேராக அனுப்புங்கள். கால் மணி நேரத்தில் ஓட்டிச் செல்லாமல் ஒரு மணி நேரம் கொடுங்கள். அந்தத் திருவிழா இரவைத் தவிர, இருட்டிய பிறகு வேண்டாம். ஆளைப் படம் எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுக்கச் சொல்லுங்கள். திறந்த கதவு கடைக் கதவா வீட்டுக் கதவா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

குழுவைப் பிரித்து அனுப்ப ஆள் போதவில்லை என்றால் சொல்லுங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் நான் வந்து கூட நடக்கிறேன். காசு எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
ஜார்ஜ்டவுன்வாசி ஒருவர்