நுழைவுத் தேர்வும் ஆங்கில மரபுத்தொடர்களும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புடைய பெற்றோர்களுக்கு,

வணக்கம். நுழைவுத் தேர்வுக்கு ஆயத்தமாகும் நம் மாணவர்களில் பலர் ஆங்கில மரபுத்தொடர்களை நீண்ட பட்டியலாக எழுதி வைத்துக்கொண்டு இரவு நெடுநேரம் உருப்போடுகிறார்கள் என்பதை அவர்களுடைய நோட்டுகளிலிருந்தும் உங்களோடு பேசியதிலிருந்தும் அறிந்தேன். அந்த உழைப்பை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆனால் அதற்குரிய பலன் கிடைக்கவில்லை என்ற கவலையால்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற வாரம் ஒரு மாணவியின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் தொடரும் வலப்பக்கம் பொருளுமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள். 'அட் சீ' என்பதற்குக் 'குழப்பத்தில் இருத்தல்' என்று சரியாகவே குறித்திருந்தாள். ஆனால் மாலுமிகள் மூன்று மாதங்களை 'அட் சீ' கழித்தார்கள் என்று பயிற்சித்தாளில் வந்த வாக்கியத்துக்கு, கடலில் கழித்தார்கள் என்னும் நேர்பொருளை விட்டுவிட்டு, குழப்பத்தில் கழித்தார்கள் என்ற விடையைத் தேர்ந்திருந்தாள். இது படிக்காததால் வந்த பிழையன்று. தொடரை வாக்கியத்திலிருந்து பிரித்தெடுத்துப் படித்ததால் வந்த பிழை. தேர்வுத்தாளில் தொடர் பெரும்பாலும் ஒரு வாக்கியத்துக்குள்தான் வருகிறது. அந்த வாக்கியமே பொருளைக் காட்டிக்கொடுக்கும்.

நம் பிள்ளைகளுக்குத் தமிழே இதில் பெருந்துணை. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்' என்பதை 'அத்தி பூத்தாற்போல' என்று சொல்லிக் கொடுத்தால் மறக்கவே மாட்டார்கள். நிலக்கரி மிகுந்த ஊருக்கே நிலக்கரியைச் சுமந்து செல்வதைக் குறிக்கும் 'கேரி கோல்ஸ் டு நியூகாஸில்' என்ற தொடர், கொல்லன் தெருவில் ஊசி விற்பதைத் தவிர வேறென்ன? எனினும் ஓர் எச்சரிக்கை. சில தொடர்கள் நம் வழக்கைப் போலவே தோன்றி ஏமாற்றிவிடும். 'புல் சம்ஒன்ஸ் லெக்' என்றால் ஒருவரை விளையாட்டாகக் கேலி செய்வது. நாமோ 'காலை வாரிவிட்டான்' என்றால் நம்பியவரைக் கவிழ்த்துவிட்டான் என்று கொள்கிறோம். 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ' என்பதும் அப்படித்தான். 'கண்ணை மூடிக்கொண்டு நம்பினான்' என்ற வழக்கோடு அதைச் சேர்த்துவிடக் கூடாது. 'கண்டும் காணாமல் இருத்தல்' என்பதே அதன் பொருள். இத்தகைய இணைகளைத் தனிப் பக்கத்தில் குறித்துவைக்குமாறு மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

வரலாற்றிலிருந்து பிறந்த தொடர்களுக்குக் கதையே நினைவின் கொக்கி. கி.மு. 49இல் ரோமத் தளபதி ஜூலியஸ் சீசர், படையோடு தாண்டக் கூடாதென்று ரோமச் சட்டம் தடுத்திருந்த எல்லையான ரூபிகான் என்ற சிற்றாற்றைத் தம் படையுடன் கடந்தார். படையோடு அதைத் தாண்டியபின் உள்நாட்டுப் போரைத் தவிர வேறு வழியில்லை. திரும்ப முடியாத முடிவை எடுப்பதற்குக் 'கிராஸ் த ரூபிகான்' என்று பெயர் வந்தது அதனால்தான். கி.மு. 279இல் அஸ்குலம் என்னுமிடத்தில் ரோமரை வென்ற எபிரஸ் மன்னர் பிரஸ், அந்த வெற்றிக்காகத் தம் வீரர்களை ஏராளமாகப் பலிகொடுத்தார். தோல்விக்கு நிகரான இழப்போடு வரும் வெற்றி அவர் பெயராலேயே 'பிரிக் விக்டரி' ஆயிற்று. 1815இல் நெப்போலியன் வீழ்ந்த வாட்டர்லூவைப் பற்றி உங்கள் பிள்ளைகளே உங்களுக்குச் சொல்வார்கள், கேட்டுப் பாருங்கள்.

சொற்களை மாற்றினால் தொடர் சிதைந்துவிடும் என்பதையும் அவர்கள் உணர வேண்டும். பிழை காணும் வினாக்கள் இங்கேதான் கண்ணி வைக்கின்றன. 'கில் டூ பேர்ட்ஸ் வித் ஒன் ஸ்டோன்' என்பதில் 'ஒன்' இருக்குமிடத்தில் 'எ' வந்தால் அது பிழை. 'ஒரே கல்லில் இரண்டு மாங்காய்' என்பதில் அந்த 'ஒரே' எவ்வளவு முக்கியமோ, அவ்வளவு முக்கியம் இந்த 'ஒன்'. 'புட் ஆஃப்' என்றால் ஒத்திப்போடுவது, 'புட் அவுட்' என்றால் அணைப்பது, 'புட் அப் வித்' என்றால் பொறுத்துக்கொள்வது என ஒட்டும் சிறுசொல்லே பொருளை மாற்றிவிடுகிறது.

இடமறிந்து சொல்வதும் கல்விதான். 'கிக் த பக்கெட்' என்பதற்கு 'இறத்தல்' என்று மட்டும் படித்த மாணவன், இரங்கல் கடிதத்தில் அதை எழுதிவிடக்கூடும். 'மண்டையைப் போட்டார்' என்பதற்கும் 'இறைவனடி சேர்ந்தார்' என்பதற்கும் உள்ள தொலைவை நாம் அறிவோம். தமிழ் இலக்கணப் பாடத்தில் மங்கல வழக்கு படித்த பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது.

உங்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். நாளொன்றுக்கு மூன்று தொடர்களுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றையும் வைத்துச் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் நாளும் பத்தாம் நாளும் பட்டியலைப் பார்க்காமல் அதைத் திரும்பச் சொல்லச் செய்யுங்கள். தமக்கு ஆங்கிலம் தெரியாதே என்று எந்தப் பெற்றோரும் தயங்க வேண்டியதில்லை. 'இதை நம் தமிழில் எப்படிச் சொல்வோம்?' என்ற உங்கள் கேள்விக்குப் பிள்ளை தடுமாறாமல் விடை சொன்னால், அந்தத் தொடர் அவர்களுக்கு வசப்பட்டுவிட்டது என்று கொள்ளலாம். தடுமாறினால் அந்தத் தொடரை நோட்டின் ஓரத்தில் குறித்து அனுப்புங்கள். ஆங்கில ஆசிரியர் மறுநாள் வகுப்பிலேயே அதை எடுத்து விளக்குவார்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்