பாதியில் வைத்த புத்தகம்

கண்ணு,

பஸ்ஸில் கொடுத்துவிட்ட பருப்புப் பொடியும் தேங்காய் எண்ணெயும் வந்து சேர்ந்ததா? கண்டக்டர் உன் கையில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நீ ஒன்றும் சொல்லவில்லை. போனில் கேட்டால் "வந்துருச்சும்மா, அப்புறம் பேசறேன்" என்பாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எல்லோரும் சுகம். கீழ்வயலில் மஞ்சள் வெட்டு முடிந்துவிட்டது, வேக வைக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. செவலை கன்று போட்டுவிட்டது, கிடாரி. அக்கா பிள்ளைகளோடு வந்துவிட்டுப் போனாள். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, தூக்கம்தான் இல்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்து, கடைசியாக நீ எப்போது வாட்ஸ்அப் பார்த்தாய் என்று பார்க்கிறார். மூன்றே முக்கால், நாலு என்று காட்டுகிறது. என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன். நேரத்துக்குத் தூங்கு கண்ணு. வெறும் வயிற்றோடு படுக்காதே.

சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தபோது மேல் அறையில் ஒரு புத்தகத்தை விட்டுப் போனாய். ஆல்பர்ட் கமூ என்ற பிரெஞ்சு எழுத்தாளரின் சிசிபஸ் புத்தகம், இங்கிலீஷில் இருப்பது. எடுத்து வைக்கலாம் என்று போனவள் திறந்து பார்த்தேன். முதல் கட்டுரையின் முதல் வரிக்குக் கீழே பென்சிலால் அழுத்திக் கோடு போட்டிருந்தாய், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தரம். அது எந்த வரி என்று உனக்குத் தெரியும். அதை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அதற்கப்புறம் சில பக்கங்கள் வரைக்கும் அங்கங்கே கோடு. பிறகு ஒன்றுமில்லை. மீதிப் பக்கங்கள் கடையில் வாங்கினபடியே ஒட்டிக்கொண்டிருந்தன.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கடைசி வரைக்கும் படித்தேன். கண்ணு, நீ கேள்வியை மட்டும் படித்துவிட்டு மூடி வைத்திருக்கிறாய். வாழத் தகுமா தகாதா என்று அந்த மனிதர் கேட்பது நிஜம்தான். ஆனால் அதற்குப் பதிலும் சொல்கிறார். முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். நீ சின்ன வயசிலிருந்தே முன்னுரையைத் தாண்டிப் போகிறவன். எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன்! 1955இல் எழுதிய முன்னுரை அது. கடவுளை நம்பாதவனுக்கும் தன்னை முடித்துக்கொள்வது நியாயமாகாது, இந்தப் புத்தகத்தின் பதில் அதுதான் என்கிறார். பாலைவனத்தின் நடுவிலும் வாழ்வதற்கும் படைப்பதற்கும் இது ஒரு அழைப்பு என்கிறார். ஊரெல்லாம் யுத்தத்தில் அழிந்துகொண்டிருந்த 1940இல் எழுதிய புத்தகத்தைப் பற்றி, பதினைந்து வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்துச் சொல்கிற வார்த்தை. சௌகரியமாக உட்கார்ந்து சொன்னவரும் இல்லை. பதினேழு வயசில் காசநோய், ரத்தமாகத் துப்பியிருக்கிறார். அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா யுத்தத்தில் போய்விட்டார்.

அவருடைய அம்மாவைப் பற்றி அக்காவிடம் சொல்லித் தேடித் தரச் சொன்னேன். அல்ஜியர்ஸில் வீட்டு வேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றியவள். எழுதப் படிக்கத் தெரியாது. காது சரியாகக் கேட்காது, பேச்சும் குறைவு. மகன் நோபல் பரிசு வாங்கின புத்தகங்களில் ஒரு வரி அவளால் படிக்க முடியாது. 1960 ஜனவரியில் அவர் கார் விபத்தில் போனார், வயசு 46. அவள் அப்போது உயிரோடு இருந்தாள். அந்த வருஷம் முடிவதற்குள் அவளும் போய்விட்டாள். கமூவைப் பற்றி எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். என்னால் தாண்ட முடியவில்லை.

சரி, அதை விடு.

பதினொன்றாம் வகுப்பில் உனக்கு நானே பாடம் எடுத்தேன். புறநானூற்றுக் கையறுநிலைப் பாட்டுகளைப் பாடத்தில் இல்லாததையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தேன். உனக்கு எல்லாம் ஒரே நாளில் மனப்பாடம். அப்பிச்சி பஞ்சாயத்துத் திண்ணையில் உன்னை நிற்க வைத்துச் சொல்லச் சொல்லிக் கேட்பார். 245 நினைவிருக்கிறதா? சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை பாடியது. அரசி இறந்துவிட்டாள். கள்ளி முளைத்த களர் நிலத்துச் சுடுகாட்டில், வெட்டவெளியில் விறகடுக்கி, நெருப்பையே படுக்கையாக்கி அவளைக் கிடத்திவிட்டு நிற்கிறார்.

"யாங்குப் பெரிதாயினும் நோயளவு எனைத்தே, உயிர்செகுக் கல்லா மதுகைத்து அன்மையின்" என்று தொடங்கும். இந்தத் துக்கம் எவ்வளவு பெரிதாக இருந்தால்தான் என்ன, என் உயிரைக் கொண்டுபோகிற பலம் அதற்கு இல்லையே, அப்படியானால் இதன் அளவுதான் எவ்வளவு என்று கேட்கிறார். முடிக்கும்போது "இன்னும் வாழ்வல், என்இதன் பண்பே" என்கிறார். அவள் போய்விட்டாள், நான் இன்னும் இருக்கிறேனே, இது என்ன தன்மை என்று.

இத்தனை வருஷம் இந்தப் பாட்டைக் காதல் பாட்டு என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன். காதல்தான். ஆனால் உன் முகத்தைக் கல்யாண வீட்டில் பார்த்த பிறகு அதில் வேறொன்றும் கேட்கிறது. தான் மிச்சமிருப்பதற்காக அந்த ராஜா கூசிப் போகிறார். ஒரு நாட்டையே கட்டி ஆண்டவர், கையில் வேலும் படையும் வைத்திருந்தவர், தான் மூச்சு விடுவதற்காகக் கூசுகிறார். அந்தக் கூச்சத்தை அவர் மறைக்கவில்லை. வாய்விட்டுப் பாடினார். யாரோ கேட்டார்கள், யாரோ எழுதி வைத்தார்கள். ஆறுதல் ஒரு சொல்கூட அந்தப் பாட்டில் இல்லை. அடுத்த நாளும் இருந்தார் என்பதுதான் அதில் இருக்கிறது.

உன் சிநேகிதன் போனதற்கும் நீ இருப்பதற்கும் கணக்குப் போடாதே கண்ணு. அவனுக்காக நீ செய்ததை நான் அறிவேன். ராத்திரி ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தாய், ரத்தத் தட்டணு கொடுக்க ஆள் ஆளாகப் பிடித்து வந்தாய், அவன் அம்மா மயங்கி விழுந்தபோது நீதான் தூக்கினாய். சொந்தத் தம்பி செய்ய மாட்டான் அத்தனையும். இப்படி ஒரு பிள்ளையைப் பெற்றேன் என்று எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? ஆனால் அவன் வருஷத் திதிக்கு நீ வரவில்லை. பொங்கலுக்கு வரவில்லை. கேட்டால் வேலை என்றாய். எந்த வேலை விடிய விடிய நடக்கிறது?

அவன் அம்மாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "உங்க பையன் ஏங்க்கா வர்றதே இல்லை, என் பையன் சாப்பிட்ட தட்டில் அவனுக்கு ஒருவாய் போடணும்னு இருக்கு" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. மேஜையில் பைபிள் யோபு ஆகமத்தில் திறந்திருந்தது, ஓரமெல்லாம் விரல் பட்டுக் கறுத்திருந்தது. எந்த இடத்தைப் படிக்கிறாய் என்று கேட்டேன். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, யோபு சாம்பலில் உட்கார்ந்திருக்கும்போது அவனுடைய மூன்று சிநேகிதர்கள் வருகிற இடமாம். தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டு, அவனோடு தரையில் ஏழு நாள், ஏழு ராத்திரி உட்கார்ந்திருக்கிறார்கள். அவன் துக்கம் எவ்வளவு பெரிது என்று கண்டதால் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "அதோட நிறுத்தியிருக்கணும்க்கா" என்றாள். அதற்கப்புறம் அவர்கள் வாயைத் திறக்கிறார்கள். நீ ஏதோ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் வந்தது என்று நியாயம் பேசுகிறார்கள். அத்தியாயம் அத்தியாயமாகப் பேசுகிறார்கள். கடைசியில் ஆண்டவனே அவர்கள் மேல் கோபப்படுகிறார். பதிமூன்றாம் நாள் காரியத்தில் வந்து விதி, கர்மா என்று பேசுகிற நம் சனங்களைப் பார்த்திருப்பாயே.

நீ தத்துவம் படிப்பதை நான் தடுக்கவில்லை. படி. ஆனால் தனியாக ஒரு அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்காதே. ரோமாபுரியில் சிசரோ இருந்தாரே, நாவன்மைக்கு உலகப் புகழ் பெற்றவர், கி.மு. 45இல் பிரசவத்துக்குப் பின் அவர் மகள் துல்லியா இறந்துபோனாள். சிநேகிதர் அட்டிகஸ் வீட்டு நூலகத்தில் துக்கம் தீர எழுதப்பட்டது என்று இருந்த எல்லாவற்றையும் படித்தார். எந்த ஆறுதலும் என் துக்கத்தை வெல்லவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். தனக்குத் தானே ஆறுதலாக ஒரு நூல் எழுதினார், அது இன்றைக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. கிடைப்பது என்ன தெரியுமா? கடலோரம் காட்டுக்குள் போய் இருந்துகொண்டு அட்டிகஸுக்கு அவர் ஏறக்குறைய தினமும் எழுதிய கடிதங்கள். இன்றைக்கும் அழுதேன், இன்றைக்கும் முடியவில்லை என்று. அதே வருஷம் சாவைப் பற்றியும் வலியைப் பற்றியும் பெரிய நூலொன்றை எழுதி முடித்தார். அந்தக் கடிதங்கள் இல்லாமல் அந்த நூல் வந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். உனக்கு அட்டிகஸ் யார்? நானாக இருக்க வேண்டும் என்றில்லை. அக்காவிடம் பேசு. அவன் அம்மாவிடம் பேசு, அவள் காத்திருக்கிறாள். டாக்டரிடம் போ. மனசுக்கு டாக்டர் பார்ப்பதில் ஒரு குறைச்சலும் இல்லை. 14416 என்று அரசாங்க நம்பர் ஒன்று இருக்கிறது, டெலிமானஸ். ராத்திரி மூன்று மணிக்கும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். உன் போனில் இப்போதே ஏற்றி வை. சாப்பிடு. தூங்கு.

மணிமேகலையில் கோதமை வருவாள், நினைவிருக்கும். மகன் சார்ங்கலன் சுடுகாட்டில் பேயைக் கண்டு பயந்து ஓடிவந்து உயிரை விட்டுவிடுகிறான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு நடுராத்திரியில் சுடுகாட்டு மதில் வாசலில் போய் நின்று, காவல் தெய்வம் சம்பாபதியைக் கூப்பிட்டு, என் உயிரை எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் தா, கண் தெரியாத என் புருஷனை இவன் பார்த்துக்கொள்வான் என்று மன்றாடுகிறாள். ஒருவர் உயிருக்கு ஒருவர் உயிரை மாற்றித் தர எந்தத் தெய்வத்தாலும் முடியாது என்று சம்பாபதி சொல்லிவிடுகிறாள். வகுப்பில் அந்த இடத்தை நான் வேகமாக வாசித்துத் தாண்டிவிடுவேன். இப்போது அப்பா போனைப் பார்க்கிற நேரத்தில் நானும் முழித்துக்கொண்டு அதைத்தான் நினைக்கிறேன். கோதமை போய்க் கேட்டது எல்லாம் முடிந்த பிறகு. நான் இப்போதே கேட்கிறேன், உன்னிடமே கேட்கிறேன்.

ராத்திரி முழித்திருக்கும்போது செத்துப் போகலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா கண்ணு? ஆமென்றால் ஆமென்று சொல். கத்த மாட்டேன். ஊரில் யாரிடமும் சொல்ல மாட்டேன். அழாமல் இருப்பேனா என்று தெரியாது, ஆனால் அழுகை உன் பாரம் இல்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி ஈரோட்டில் ரயில் ஏறுகிறேன். டிக்கெட் போட்டாகிவிட்டது, வேண்டாம் என்று சொல்லாதே. கன்றுக்குட்டி இருப்பதால் அப்பா அடுத்த வாரம் வருவார். ஸ்டேஷனுக்கு நீ வர வேண்டாம், ஆட்டோ பிடித்து வந்துவிடுவேன். எத்தனை நாள் இருப்பேன் என்று கேட்காதே. நீ பேச வேண்டியதில்லை, எனக்குச் சமையல் செய்து காட்ட வேண்டியதில்லை. உன் அறையிலேயே ஒரு பாயைப் போட்டு உட்கார்ந்திருப்பேன், உனக்கு எப்போது வாய் வருகிறதோ அப்போது பேசு. புத்தகத்தையும் எடுத்து வருகிறேன், நீ விட்ட பக்கத்திலிருந்து இரண்டு பேருமாகப் படிக்கலாம்.

கடிதம் கையில் கிடைத்ததும் போன் பண்ணு. அப்பாவுக்கும் தனியாகப் பண்ணு, அவர் எடுப்பார்.

அம்மா